கேட்டவர்கள்: ‘அக்கூஸ்மாட்டிக்’ என்ற பெயர் வந்த வழி

மின்னணு இசையில் முனைவர் பட்டம் பெறுவதற்காக பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட ஆய்வேடுகளின் தலைப்புகளைப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு சொல் அடிக்கடி எதிர்ப்படும்: அக்கூஸ்மாட்டிக். ‘அக்கூஸ்மாட்டிக் படைப்புகளின் தொகுப்பு’ என்பது போன்ற தலைப்புகள். ‘அக்கூஸ்டிக்’ என்று எழுத வந்து கை தவறிவிட்டதோ என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றும். தவறவில்லை. இரண்டும் ‘கேட்கிறேன்’ என்று பொருள்படும் ‘அக்கூவோ’ என்ற கிரேக்க வினையிலிருந்து பிறந்தவை. ஒன்று நேர்வழியில் போய் அறிவியலின் பெயராயிற்று; பிரெஞ்சு அறிஞர் ஜோசப் சோவர் 1701-ல் ஒலியை ஆராயும் துறைக்கு அந்தப் பெயரை வைத்தார். மற்றது ஒரு குருகுலத்தில் கிளம்பி, ஒரு கிராமத்து இரவிலும் கலைக்களஞ்சியத்திலும் வானொலி நிலையத்திலும் சினிமாவிலும் தங்கிவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. இந்த இரண்டாவது சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இன்று அந்தப் பெயரில் நடக்கும் கச்சேரியை முதலில் சொல்லிவிட வேண்டும். மேடையில் ஆளும் இல்லை, வாத்தியமும் இல்லை. விளக்குகளைக் குறைத்துவிடுகிறார்கள். அரங்கின் நடுவே மிக்சர் முன்னால் இசையமைப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டூடியோவில் ஏற்கெனவே செய்து முடித்த ஒலிப்பதிவை ஓடவிட்டு, அதன் அளவை ஏற்றியும் இறக்கியும், அரங்கைச் சுற்றி நிற்கும் பல ஸ்பீக்கர்களுக்கு அதைப் பகிர்ந்து அனுப்புகிறார். ஒலி முதுகுப்பக்கம் கிளம்பித் தலைக்குமேல் போய் எதிர்ச் சுவரில் அடங்குகிறது. அது கூழாங்கல் உருளும் ஒலியா, எண்ணெய் பொரியும் ஒலியா, கம்ப்யூட்டர் கணக்குப்போட்டு உண்டாக்கிய ஒலியா? சொல்ல முடியாது. எதிலிருந்து பிறந்தது என்று தெரியாமல் ஓர் ஒலியைக் கேட்பதுதான் அக்கூஸ்மாட்டிக் கேட்பு.

பெயர்க் காரணம் கேட்டால் இந்தத் துறையில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள். பிதாகரஸ் திரைக்குப் பின்னால் நின்று பாடம் சொன்னார். புதிய மாணவர்கள் ஐந்து ஆண்டு வாய் திறக்காமல், அவரைப் பார்க்காமல், குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ‘அக்கூஸ்மட்டிகோய்’ என்று பெயர். உருவம் கவனத்தைக் கலைக்கும் என்பதால் இந்த ஏற்பாடு என்றும் சேர்த்துச் சொல்வார்கள். பாடநூல் முன்னுரைகளிலும் கச்சேரிக் குறிப்புகளிலும் இதே கதைதான். அழகான கதை. ஆனால் பழைய நூல்களில் இந்த இழைகள் இப்படி முறுக்கேறிக் கிடக்கவில்லை.

பிதாகரஸ் பொ.ஆ.மு. 530-ஐ ஒட்டித் தென் இத்தாலியின் குரோட்டோன் நகரில் குடியேறியவர். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. அவருடைய கூட்டத்தார் மனப்பாடமாக வைத்திருந்த சிறு சிறு வாசகங்களுக்குத்தான் ‘அக்கூஸ்மட்டா’ என்று பெயர். ‘கேட்டவை’ என்பது நேர்ப்பொருள். தமிழில் இதற்கு ஈடாகச் சொல் தேட வேண்டியதில்லை. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே வைத்த ‘கேள்வி’ என்ற பெயர் அப்படியே பொருந்துகிறது. காதால் பெற்ற அறிவு. அந்த வாசகங்கள் விசித்திரமானவை. அவரையை உண்ணாதே. கத்தியால் நெருப்பைக் கிளறாதே. மேசையிலிருந்து கீழே விழுந்ததை எடுக்காதே. ஏன் என்று சொல்வதில்லை. பிதாகரஸின் வாழ்க்கையை எழுதிய போர்ஃபிரி தொகுத்திருப்பவற்றில் ஒன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது: வெண்கலத்தைத் தட்டினால் எழும் ஒலி, அந்த உலோகத்துக்குள் அடைபட்டிருக்கும் ஓர் ஆவியின் குரல். இந்தச் சொல்லின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வாசகத்துக்குள் இருக்கிறது.

ஆக, ‘அக்கூஸ்மட்டிகோய்’ என்பவர்கள் ‘கேட்டவை’யைக் கைக்கொண்டு நடந்தவர்கள். அவர்களுக்கு எதிர்ப்பக்கம் ‘மதேமட்டிகோய்’. ‘மதேமா’ என்றால் கற்றது. காரணத்தோடு, நிறுவிக் காட்டிப் படித்தவர்கள். ‘மேத்தமேட்டிக்ஸ்’ என்ற சொல் அந்தக் குடும்பத்தது. இரண்டு கூட்டமும் எப்படிப் பிரிந்தன என்பதற்குப் பொ.ஆ. 300 அளவில் எழுதிய இயாம்ப்ளிகஸ் ஒரு காரணம் சொல்கிறார். நகர நிர்வாகத்தில் மூழ்கியிருந்த பெரியவர்களுக்குக் காரணம் கேட்டுப் படிக்க நேரமில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் பிதாகரஸ் அவர்களுக்குச் சொன்னார். ஓய்வும் இளமையும் உள்ளவர்களுக்கு ஏன் என்பதையும் விளக்கினார். இந்த விளக்கத்தில் திரைக்கு வேலையே இல்லை. வேறுபாடு பார்வையைப் பற்றியது அல்ல, நியாயத்தைப் பற்றியது.

பிறகு திரை எங்கிருந்து வந்தது? பொ.ஆ. 200-ஐ ஒட்டி எழுதிய கிறித்தவ அறிஞர் அலெக்சாந்திரியாவின் கிளெமென்ட், இந்த இரு பெயர்களையும் சொல்லி, பலருக்குச் சொல்லப்பட்டவை சில, அவர்களிடமிருந்து மறைக்கப்பட்டவை சில என்று பொருள் காண்கிறார். மறைப்பு வந்துவிட்டது. தத்துவவாதிகளின் வாழ்க்கைகளை எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ், ஐந்து ஆண்டு மௌனத்தையும் முகம் பாராமல் கேட்பதையும் குறிப்பிடுகிறார். இயாம்ப்ளிகஸிடம் திரைச்சீலையே வந்துவிடுகிறது: உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள். பிதாகரஸ் மறைந்து ஏறக்குறைய 800 ஆண்டுகள் கழித்து. கேட்டுப் பின்பற்றியவர்கள் என்ற பெயரும், பார்க்காமல் கேட்டவர்கள் என்ற செய்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, படிப்படியாக ஒன்றாயின. யேல் பல்கலைக்கழகத்தின் பிரையன் கேன் 2014-ல் வெளியிட்ட நூலில் இந்தச் சேர்க்கையைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். அக்கூஸ்மாட்டிக் இசை பயில்பவர்கள் தங்கள் தோற்றக் கதையைத் திரும்பச் சொல்வதற்கு முன் அவசியம் படிக்க வேண்டிய நூல் அது.

பிரான்ஸில்தான் இந்தச் சொல் இரண்டாவது முறை பிறந்தது. 1730 ஜனவரியில், பாரிசுக்கு வடக்கேயுள்ள ஆன்சாக் என்ற சிற்றூரில், இரவில் வானத்திலிருந்து மனிதக் குரல்களும் வாத்திய ஒலிகளும் கேட்டதாக ஊரார் சொன்னார்கள். பங்குச் சாமியார் சாட்சியங்களைத் திரட்டினார். அறிக்கை ‘மெர்க்கூர்’ இதழில் வெளிவந்தது. அந்த நிகழ்ச்சிக்கு ‘அக்கூஸ்மாத்’ என்று பெயரிட்டார்கள்: வானில் கேட்பதாகத் தோன்றும் குரல் அல்லது இசை. பிற்காலத்தில் இல்லாத ஒலி காதில் கேட்கும் நிலைக்கு மருத்துவமும் இதே வேரிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. கவிஞர் அப்பொலினேர் கவிதைத் தலைப்பாக இதைப் பயன்படுத்தினார்.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் ‘அசரீரி’ நினைவுக்கு வரும். நெருங்கிய சொல்தான், ஆனாலும் ஒன்றல்ல. அசரீரிக்கு உடம்பே கிடையாது. தேடினால் கிடைக்காது என்பதுதான் அதன் அதிகாரம். ஆன்சாக் மக்கள் கேட்டதை யாரோ எங்கிருந்தோ எழுப்பியிருக்கலாம், எழுப்பாமலும் இருக்கலாம். உடம்பு உண்டா என்ற சந்தேகம் தீராமல் நிற்பதுதான் அக்கூஸ்மாத்தின் தன்மை.

1751-ல் திதரோவின் கலைக்களஞ்சியத்து முதல் தொகுதியில் ‘அக்கூஸ்மாத்திக்’ தனிப் பதிவாகவே வந்தது. பிதாகரஸின் மாணவர்கள் திரையால் பிரிக்கப்பட்ட இரு வகுப்பினர். வெளியே இருந்தவர்கள் அக்கூஸ்மாத்திக்குகள். பழைய நூல்களில் தளர்ந்து கிடந்த முடிச்சு இங்கே இறுகிவிட்டது. பின்னால் வந்தவர்களுக்கு இந்த வடிவமே கிடைத்தது.

அதே கலைக்களஞ்சியத்துக்கு இசைப் பதிவுகளை எழுதித் தந்தவர் ரூசோ. அவர் 1740-களில் வெனிஸில் பிரெஞ்சுத் தூதரின் செயலாளராக இருந்தபோது, அங்கிருந்த ஆதரவற்ற பெண்களுக்கான இல்லங்களில் கம்பித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பாடும் பெண்களின் இசையில் சொக்கிப்போனார். குரல்களைக் கேட்டு முகங்களைக் கற்பனை செய்தார். ஒருநாள் அவர்களை நேரில் சந்திக்க ஏற்பாடாயிற்று. கற்பனைக்கும் கண்டதற்கும் பொருத்தம் இல்லை. ஆனால் மறுபடி தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டபோது, தான் கண்டதை மீறி அவர்களை அழகிகளாகவே உணர்ந்ததாகத் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதுகிறார். கேட்கும் காது கண்ட முகத்தைத் திருத்திவிடுகிறது. அனுபவம் கையில் இருக்கிறது, சொல் பக்கத்துப் பதிவில் இருக்கிறது. இரண்டையும் அவர் சேர்க்கவில்லை. சேர இன்னும் இருநூறு ஆண்டுகள் ஆயின.

சேர்த்து வைத்தது வானொலி. பியேர் ஷேஃபர், 1910-ல் நான்சி நகரில் இசைக் குடும்பத்தில் பிறந்து, தொலைத்தொடர்புப் பொறியாளராகப் பிரெஞ்சு வானொலியில் சேர்ந்தவர். 1948-ல் பாரிஸின் பத்தினோல் ரயில் நிலையத்தில் எஞ்சின்களின் ஒலியைப் பதிவுசெய்து, இசைத்தட்டுகளில் வெட்டி அடுக்கி ஒரு படைப்பாக்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 5 அன்று அதுவும் மற்ற ஒலிப் பயிற்சிகளும் வானொலியில் ஒலிபரப்பாயின. டேப் ரெக்கார்டர் கைக்கு வராத காலம். இசைத்தட்டின் வரிப்பள்ளத்தை வட்டமாக மூடிவிட்டு, ஊசி அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வரச் செய்தார். இப்படிச் சுற்றும் ஒலி நாலாவது ஐந்தாவது முறையில் தன் காரணத்தை உதறிவிடுகிறது. ரயில் மறைந்து தாளமும் நிறமும் மிஞ்சுகின்றன.

அவருடைய இன்னொரு சோதனை மணியோசை. மணியின் நாக்கு உலோகத்தில் மோதும் முதல் நொடித் துணுக்கை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் ஒலிக்கவிட்டார். மணி, மணியாக இல்லை. குழல் போன்ற வேறேதோ பாடியது. மணியை மணி என்று நம் காதுக்குச் சொல்வது அந்தத் தொடக்க மோதல்தான் என்று தெரிந்தது. வெண்கலத்துக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று பிதாகரஸின் கூட்டத்தார் சொன்னதைப் பொறியாளர் ஒருவர் இசைத்தட்டில் திறந்து பார்த்ததாகவே எனக்குப் படுகிறது.

ஷேஃபர் தன் இசைக்கு முதலில் வைத்த பெயர் ‘மூசிக் கோங்க்ரெத்’, பருப்பொருள் இசை. தாளில் குறியாக எழுதி வாத்தியத்தில் இசைக்கும் வழக்கத்துக்கு மாறாக, கையில் உள்ள ஒலியிலிருந்தே தொடங்குவதால் அந்தப் பெயர். 1951-ல் ஜெர்மனியின் கொலோன் வானொலியில் தொடங்கிய ஸ்டூடியோவினர் தங்களுடையதை ‘எலெக்ட்ரானிக் இசை’ என்றார்கள். அலையியற்றிகளிலிருந்து பிறக்கும் தூய ஒலியே அவர்களுக்கு மூலம். அமெரிக்காவில் உசசெவ்ஸ்கியும் லூனிங்கும் செய்தது ‘டேப் இசை’. 1957-ல் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் தொடக்கி வைத்தது ‘கம்ப்யூட்டர் இசை’. இந்தப் பெயர்கள் அனைத்தும் பொருளையோ கருவியையோ சுட்டுபவை. கருவி பழசானால் பெயரும் பழசாகும். இன்று டேப் எங்கே? கொலோன்காரர்களும் பாரிஸ்காரர்களும் அன்று ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிக்கொண்ட வேறுபாடு இன்று ஒரு லேப்டாப்புக்குள் கரைந்து கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் எழுத்தாளர் ஜெரோம் பேன்யோவின் பங்கு வருகிறது. ஒலியையும் அது பிறந்த இடத்தையும் பிரிக்கும் தொலைவுக்கு என்ன பெயர் என்று தேடி, 1950-களில் அகராதியிலிருந்து ‘அக்கூஸ்மாத்திக்’ என்ற பழஞ்சொல்லை அவர் எடுத்துக் கொடுத்தார். ஷேஃபர் அதை இறுகப் பற்றிக்கொண்டார். 1966-ல் வெளிவந்த ‘இசைப்பொருள்கள் பற்றிய ஆய்வுநூல்’ என்ற பெரும் புத்தகத்தில் அதற்கு முதன்மையான இடம் தந்தார். பிதாகரஸின் திரை அன்று செய்த வேலையை இன்று வானொலியும் டேப்பும் செய்கின்றன என்பது அவருடைய வாதம். காரணத்தைக் கண்ணிலிருந்து எடுத்துவிட்டால் ஒலியை ஒலியாகவே கேட்கும் வாய்ப்பு பிறக்கும். அந்தப் பயின்ற கேட்புக்கு ‘சுருக்கிய கேட்பு’ என்று பெயர் வைத்தார். கூட்டத்தாரைக் குறித்த பெயர் இப்போது ஓர் ஒலியின் நிலையைக் குறிக்கிறது. வரலாற்றுச் சான்றில் ஷேஃபரின் கதை பலவீனமானது என்று மேலே சொன்னேன். ஆனாலும் அவருடைய தேர்வு சரி என்றே நினைக்கிறேன். எந்திரத்தைச் சுட்டாமல் கேட்பவரைச் சுட்டும் பெயர் அது ஒன்றுதான்.

அதை இசைவகையின் பெயராக நாட்டியவர் பிரான்சுவா பேல். மடகாஸ்கரின் தோமாசினா துறைமுகத்தில் 1932-ல் பிறந்தவர்; ஷேஃபர் நிறுவிய ‘இசை ஆய்வுக் குழு’வை 1966 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். 1970-களில் ‘எலெக்ட்ரோ-அக்கூஸ்டிக்’ என்ற பெயர் ஸ்பீக்கர் வழியாக வரும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டுவிட்டது. மேடையில் சின்தசைசர் வாசிப்பதும் அதுதான், ஸ்டூடியோவில் செதுக்கிய படைப்பும் அதுதான். சினிமாவைப் போல ஸ்டூடியோவில் எடுத்து முடித்து அரங்கில் காட்டப்படும் இசைக்குத் தனிப் பெயர் வேண்டும் என்று 1974-ல் ‘அக்கூஸ்மாத்திக் இசை’ என்றார். அதே ஆண்டு ஸ்பீக்கர்களாலேயே ஆன ஒரு வாத்தியக் குழுவை அமைத்தார்: சிறியதும் பெரியதுமாகப் பல அளவு ஸ்பீக்கர்கள், மேடையில் வயலின்களும் கொம்புகளும் அமர்வதுபோல வரிசைப்படுத்தப்பட்டவை. அதன் பெயர் ‘அக்கூஸ்மோனியம்’. ஆர்மோனியம் அறிந்த நம் காதுக்கு இந்தப் பெயரின் அமைப்பு உடனே பிடிபடும்.

ஷேஃபரின் குழுவில் பணியாற்றிய மிஷேல் ஷியோன், 1982-ல் எழுதிய நூலில் சொல்லை சினிமாவுக்குக் கொண்டுபோனார். திரைப்படத்தில் குரல் மட்டும் கேட்டு உருவம் காட்டப்படாத பாத்திரத்துக்கு ‘அக்கூஸ்மெத்ர்’ என்று பெயரிட்டார். இருப்பு என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லை ஒட்டவைத்த புதுச்சொல். அவர் ஆராயும் படங்களில் ஃபிரிட்ஸ் லாங் 1933-ல் எடுத்த ‘டாக்டர் மபூசேயின் உயில்’ ஒன்று. குற்றக் கும்பலுக்குத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் ஆணையிடுகிறது. திரையை விலக்கினால் உள்ளே மனிதன் இல்லை. ஓர் ஒலிபெருக்கியும் வெட்டி நிறுத்திய நிழலுருவும்தான். பிதாகரஸின் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருக்கிறது என்று ஷேஃபருக்கு முன்பே ஒரு படம் சொல்லிவிட்டது.

பட்ட மேற்படிப்புக்குள் இந்தப் பெயர் நுழைந்த வழிகளில் இரண்டைச் சொல்லலாம். ஒன்று மொன்றியால். பிரான்சிஸ் தோமோன் 1980 முதல் 1996 வரை மொன்றியால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார்; கியூபெக்கின் அடுத்த தலைமுறை அவரிடம் பயின்றது. அந்த வட்டாரத்தில் இந்த இசையைக் ‘காதுக்கான சினிமா’ என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வானொலியில் ‘ஒலிச்சித்திரம்’ கேட்டு, படத்தைப் பார்க்காமலேயே கதாநாயகியின் அழுகையையும் குதிரை வண்டியையும் மனத்தில் ஓட்டிய தமிழ்த் தலைமுறைக்கு அந்தச் சொல் அந்நியமாக இருக்காது. மற்றது பர்மிங்காம். 1982-ல் ஜோன்டி ஹாரிசன் அங்கே ‘பீஸ்ட்’ என்ற ஸ்பீக்கர் அரங்கை உருவாக்கினார். கச்சேரி நாளில் ஸ்பீக்கர்களைத் தூக்கி வைப்பதும் கம்பி இழுப்பதும் மாணவர்களே. படைப்பு எந்த மூலையில் எப்படிக் கேட்கும் என்பதைத் தோளால் சுமந்து கற்றார்கள்.

நியூசிலாந்துக்காரரான டெனிஸ் ஸ்மாலி பாரிஸில் பயின்று இங்கிலாந்தில் ஆசிரியரானவர். 1986-ல் வெளிவந்த கட்டுரையில் ‘ஸ்பெக்ட்ரோ-மார்ஃபாலஜி’ என்ற முறையை முன்வைத்தார். ஒலியின் அலைக்கற்றை காலப்போக்கில் எப்படி உருமாறுகிறது என்பதைக் காதை மட்டும் கொண்டு விவரிப்பதற்கான சொற்களஞ்சியம் அது. எழுச்சி, நீட்சி, முடிவு; தேய்தல், திரளுதல், சிதறல். பின்னாளில், ஒலியைக் கேட்டவுடன் அதற்கு ஒரு மூலத்தைக் கற்பித்துக்கொள்ளும் மனத்தின் இயல்புக்கும் பெயர் வைத்தார். ஷேஃபர் கேட்ட அளவுக்குக் காரணத்தை மறந்துவிட மனித மனத்தால் முடியாது என்பதை அவருடைய வழியில் வந்தவரே ஒப்புக்கொண்டார் என்பது முக்கியம். அக்கூஸ்மாட்டிக் என்ற பெயர் கல்விக்குத் தந்த பயன்களில் ஸ்மாலியின் சொற்களஞ்சியத்தையே முதலில் வைப்பேன். அதற்கு முன் மாணவர்கள் தங்கள் ஒலியைப் பற்றி எழுத வேண்டுமென்றால் கருவியின் பெயரையோ மென்பொருளின் பெயரையோதான் எழுத வேண்டியிருந்தது.

படைப்புவழி முனைவர் பட்டத்துக்கு இரண்டைக் கொடுக்க வேண்டும்: படைப்புகளின் ஒலிப்பதிவுத் தொகுப்பு ஒன்று, அதைப் பற்றிய எழுத்துவிளக்கம் ஒன்று. தேர்வாளர் முதலில் ஸ்பீக்கர் முன் உட்கார்ந்து கேட்கிறார். பிறகு நேர்காணலில் ஏன் இப்படி, ஏன் இந்த இடத்தில் என்று கேட்கிறார். பழைய குருகுலத்தில் கேட்டவர்கள் ஒரு பக்கம், காரணம் கற்றவர்கள் மறுபக்கம். பிதாகரஸைப் பின்பற்றுவோர்தான் அக்கூஸ்மட்டிகோய் என்று மதேமட்டிகோய் ஏற்றார்கள். மதேமட்டிகோயை அவர்கள் பதிலுக்கு ஏற்கவில்லை. இன்றைய ஆய்வு மாணவர் அந்த இருவராகவும் ஒரே சமயத்தில் இருக்க வேண்டியிருக்கிறது. கஷ்டமான எதிர்பார்ப்புதான், ஆனால் நியாயமானது. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. எழுத்துவிளக்கம் பல சமயம் ஒலி எப்படிச் செய்யப்பட்டது என்ற செய்முறைக் குறிப்பாகச் சுருங்கிவிடுகிறது: இந்த மைக், இந்த மென்பொருள், இத்தனை வடிகட்டிகள். படைப்பில் கவனமாகக் கட்டிய திரையை விளக்கத்தில் தானே கிழிப்பதாக அது முடிகிறது. என்ன கேட்கிறது என்று எழுதுவது அதைவிடக் கடினம்; ஷேஃபரும் ஸ்மாலியும் கேட்டது அதைத்தான்.

அண்மைக் காலத்தில் சொல் மீண்டும் இடம் மாறியிருக்கிறது. இசைக்குழுத் தேர்வில் வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, பார்க்காமல் மதிப்பிடும் வழக்கம் 1970-களிலிருந்து அமெரிக்காவில் பரவியது. முகம் தெரியாவிட்டால் பாரபட்சம் குறையும் என்ற நம்பிக்கை. குரலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நினா சன் ஐட்ஷைம் 2019-ல் வெளியிட்ட நூலில், முகம் தெரியாத குரலைக் கேட்டவுடன் நமக்குள் எழும் ‘யார் இது?’ என்பதை ‘அக்கூஸ்மாட்டிக் கேள்வி’ என்று அழைக்கிறார். அதற்கு நாம் தயாராக வைத்திருக்கும் விடைகள், கறுப்பினக் குரல், வெள்ளையர் குரல், ஆண், பெண், எல்லாமே கேட்பவர் பழகிய பழக்கத்திலிருந்து வருபவை என்று அமெரிக்கப் பாடகர்களின் வாழ்க்கையைக் கொண்டு காட்டுகிறார். திரை போட்டால் ஒலி தூய்மையாகும் என்ற ஷேஃபரின் எதிர்பார்ப்புக்கு இதைவிட வலுவான மறுப்பு நான் படித்ததில்லை. ஐட்ஷைம் பேசுவது ஒலியைப் பற்றியோ இசைவகையைப் பற்றியோ அல்ல. காரணம் கேட்காமல் ஒன்றைக் கேட்டு நம்பிவிடுகிற மனிதர்களைப் பற்றி. குரோட்டோனில் அந்தப் பெயர் முதலில் குறித்ததும் அவர்களைத்தான்.